சிறிய விமான நிறுவனத்தில் ஊழியர்களை ஏற்றும் முன் எதையெல்லாம் சரிபார்ப்பது?

வளரும் நாடுகளில் பணியாளர்களை அனுப்புகிறவர்கள் முதலில் விமானத்தின் வயதைத்தான் விசாரிப்பார்கள். நிறுவனத்திடம் பணம் புழங்குகிறதா, சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று விசாரிப்பதே அதைவிட முக்கியம். பழைய விமானத்தையும் நன்றாகப் பராமரிக்கலாம், கையில் காசு இருந்தால்.

ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, ஒவ்வொரு நாட்டின் பாதுகாப்புக் கண்காணிப்புக்கும் தரும் தணிக்கை மதிப்பெண்கள் நாடுவாரியாக இணையத்தில் கிடைக்கின்றன. உரிமம், இயக்கம், பறக்கும் தகுதி ஆகிய மூன்றையும் பாருங்கள். அவை சரிவதற்கு ஒரு காரணம், அரசு விமான ஆய்வாளரின் சம்பளத்தைவிட விமான நிறுவனங்கள் அதிகம் தருவது. பயிற்சி முடித்தவர் அங்கே போய்விடுகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வெளியிடும், தன் வான்வெளியில் பறக்கத் தடைசெய்த விமான நிறுவனங்களின் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, தள்ளிவைத்த பழுதுகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தக் கருவி பழுதானாலும் பறக்கலாம் என்று சொல்லும் எம்.இ.எல். பட்டியலின்படி சில பழுதுகளோடு பறக்கலாம். ஆனால் அதில் பி வகைப் பழுதை 3 நாளிலும், சி வகையை 10 நாளிலும், டி வகையை 120 நாளிலும் சரிசெய்தாக வேண்டும். கெடு முடியும் நாளில் சரிசெய்ததாகக் கணக்கை மூடிய பழுது மறுநாளே வேறு வார்த்தைகளில் மீண்டும் பதிவாகியிருந்தால், உதிரிபாகம் வாங்க வழியில்லை என்று சந்தேகிக்கலாம். அங்கே நிறுத்திவைத்த விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி மாட்டுவார்கள். ஒரு பாகத்துக்காக இரண்டு விமானங்களில் கை வைக்கிறார்கள். தவறு நேரும் வாய்ப்பும் கூடுகிறது. அந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவும் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

திட்டமிட்ட பணி அட்டவணையை ஏற்காதீர்கள். கடந்த மூன்று மாதத்தில் ஒவ்வொரு விமானியும் உண்மையில் பறந்த நேரத்தைக் கேளுங்கள். வருமானத்தில் பெரும்பகுதி பறக்கும் மணிக்கணக்கில்தான் என்றால், களைப்பு என்று சொல்லி விலகியவருக்கு அன்று என்ன கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆண்டு முழுக்க ஒரு களைப்புப் புகார்கூட வராத நிறுவனத்தில் கூடுதல் கவனம் தேவை. மெக்கானிக்குகளிடம் தனியாகப் பேசுங்கள்: கடைசிச் சம்பளம் எப்போது வந்தது, பணி முடிந்து வேறு வேலைக்குப் போகிறார்களா?

டர்பைன் இன்ஜின் விமானம் இறங்கும்போது, 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் பறக்கப் போதுமான எரிபொருள் மிச்சமிருக்க வேண்டும். 2016 நவம்பரில் பொலிவியாவின் லாமியா விமானம் வழியில் இறங்கி நிரப்பாமல் போய், கொலம்பியாவின் மெடெயின் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்தது; 71 பேர் இறந்தனர். கேப்டன் கூடுதலாக நிரப்பினால் அலுவலகம் விளக்கம் கேட்கிறதா என்று விமானிகளிடமே கேளுங்கள்.

டிக்கெட்டில் ஒரு பெயரும் விமானத்தில் வேறு பெயரும் இருந்தால், அது விமானியோடு வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். அப்போது மேலே சொன்ன எல்லாவற்றையும் விமானத்தை இயக்கும் நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.