ரியாக்டில் தரவைப் பெறும்போது பழைய பதில் திரைக்கு வராமல் தடுப்பது எப்படி

வலைப்பக்கங்களை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான ரியாக்டில், சர்வரிடம் தரவு கேட்கும் ஃபெட்ச் (fetch) கொண்டு தரவைப் பெறும் நிரல் சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் கேட்ட வரிசையிலேயே பதில்களும் வந்து சேரும் என்று நம்பி எழுதுவதால்தான் சிக்கல் தொடங்குகிறது. நூலகத் தேடல் பக்கம் ஒன்றில் பயனர் ‘கம்ப’ என்று தட்டும்போது ஒரு கோரிக்கையும், ‘கம்பர்’ என்று முடிக்கும்போது இன்னொன்றும் சர்வருக்குச் செல்கின்றன. இரண்டாவதன் பதில் முந்திக்கொண்டு, முதலாவதன் பதில் பிந்தி வந்தால், பெட்டியில் ‘கம்பர்’ என்றிருக்க, கீழே கம்பள நெசவு நூல்கள் வந்து நிற்கும்.

திரை வரையப்பட்ட பிறகு செய்ய வேண்டிய வேலையை ரியாக்டின் யூஸ்எஃபெக்டுக்கு (useEffect) ஒரு ஃபங்ஷனாகத் தருகிறோம்; பழைய பதிலைத் தடுக்கும் இடம் அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் கிளீன்அப் ஃபங்ஷன்தான். யூஸ்எஃபெக்டுக்குத் தரும் ஃபங்ஷனையே அசிங்க் (async) ஆக்கினால் அது பிராமிஸை (பின்னர் வரப்போகும் பதிலைக் குறிக்கும் பொருளை) திருப்பித் தந்து கிளீன்அப்புக்கு இடமில்லாமல் செய்துவிடும் என்பதால், உள்ளே தனியாக ஓர் அசிங்க் ஃபங்ஷன் எழுதி, அதை அங்கேயே அழையுங்கள். தொடக்கத்தில் கோரிக்கையை ரத்து செய்ய உதவும் புதிய அபார்ட்கண்ட்ரோலர் (AbortController) ஒன்றை உருவாக்கி, அதன் சிக்னலை ஃபெட்சின் இரண்டாவது மதிப்பில் சேர்த்து, கிளீன்அப்பில் அபார்ட்டை அழைத்துவிட்டால் போதும். எவை மாறினால் எஃபெக்ட் மீண்டும் இயங்க வேண்டும் என்று சொல்லும் டிபென்டென்சி பட்டியலில் தேடல் சொல் இருப்பதால், அது மாறியதும் ரியாக்ட் முதலில் பழைய கிளீன்அப்பை இயக்கிவிட்டே புதிய கோரிக்கையைத் தொடங்கும்.

ரத்தான கோரிக்கை அபார்ட்எரர் என்ற பெயரில் பிழையாக வரும். பிழைகளைக் கையாளும் கேட்ச் பகுதியில் அதைப் பிரித்தறிந்து விட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் பிழைச் செய்தி மின்னி மறையும். பலரும் கவனிக்காத இடம், வெற்றியோ பிழையோ எப்படி முடிந்தாலும் இயங்கும் ஃபைனலி பகுதி. பழைய கோரிக்கையின் ஃபைனலி ‘ஏற்றப்படுகிறது’ என்ற ஸ்டேட்டை (திரையில் என்ன தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் மதிப்பை) அணைத்துவிட்டால், புதிய கோரிக்கை இன்னும் காத்திருக்கும்போதே சுழலும் குறி மறைந்துவிடும். ஆகவே சிக்னல் ரத்தாகவில்லை என்று உறுதி செய்த பிறகே அந்த ஸ்டேட்டை மாற்றுங்கள்.

சர்வர் 404 (கிடைக்கவில்லை) அல்லது 500 (சர்வர் பிழை) என்ற எண்ணை அனுப்பினாலும் ஃபெட்ச் அதைப் பிழையாகக் கருதாது. பதிலின் ஓகே பண்பைப் பார்த்து நீங்களே பிழையை எழுப்ப வேண்டும்.

2022இல் வந்த ரியாக்ட் 18 முதல், உருவாக்கச் சூழலில், தவறுகளைக் கண்டுபிடிக்க உதவும் ஸ்டிரிக்ட்மோட் (StrictMode) எஃபெக்டை இருமுறை இயக்குவதால், உலாவியின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பக்கத்தில் ஒன்று ரத்தானதாகவும் மற்றொன்று முடிந்ததாகவும் தெரியலாம். அதற்கு அஞ்சி ஸ்டிரிக்ட்மோடையே நீக்குவது வீண் வேலை. உங்கள் கிளீன்அப் சரியாக இருக்கிறதா என்பதை அது இலவசமாகச் சோதித்துத் தருகிறது.

அபார்ட் செய்தாலும் சர்வர் தன் வேலையை நிறுத்தும் என்ற உறுதி இல்லை. எனவே சேமிக்கும் கோரிக்கைகளுக்கு இந்த முறையை நம்ப வேண்டாம். தேடலிலும், எழுத்துக்கு ஒரு கோரிக்கை போகாதபடி செட்டைம்அவுட் மூலம் 300 மில்லிநொடி பொறுத்து அனுப்பி, அந்த டைமரையும் அதே கிளீன்அப்பில் நீக்கிவிடலாம்.

பல பக்கங்களில் இதே நிரல் திரும்பத் திரும்ப வருமானால், தரவைப் பெற்றுச் சேமித்து வைக்கும் கருவியான டான்ஸ்டாக் குவெரியை (TanStack Query) பயன்படுத்துவதே நல்லது. அது ஒவ்வொரு சாவிக்கும் (தரவை அடையாளம் காட்டும் பெயருக்கும்) பதிலைத் தனியே சேமிப்பதால், தேடல் சொல்லைச் சாவியில் சேர்த்திருந்தால் பழைய பதில் புதியதன் இடத்தைப் பிடிக்காது. ஆனால் அது தரும் சிக்னலை நீங்கள் ஃபெட்சுக்குக் கடத்தினால்தான் பழைய கோரிக்கை உண்மையில் ரத்தாகும்.