நடுவில் காய்ந்த வெட்டிவேர்த் தூரை மீட்ட கதை

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வெட்டிவேர் வளர்க்கிறேன். நம் இந்திய மண்ணின் புல். பல ஆண்டுகள் தூர்கட்டி நிற்கும். போன வருஷம் ஓரமெல்லாம் பச்சையாக இருக்க, நடுத்தூர் மட்டும் காய்ந்துபோனது. ஊற்றிய தண்ணீரும் இறங்காமல் மேலேயே நின்றது. சிங்கப்பூரில் இதை விட்டுவைக்கவே கூடாது, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும்.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மண்ணே தெரியவில்லை. வேர் சுருண்டு சுருண்டு தேங்காய்நார் மெத்தை மாதிரி இறுகியிருந்தது. தரையில் 3 மீட்டர் ஆழம்வரை போகக்கூடிய வேர், பாவம், தொட்டிக்குள் எங்கே போகும்? ரம்பக் கத்தியால் அறுத்தேன். அப்போது எழுந்த வாசனை இருக்கிறதே, தாழ்வாரம் முழுக்க மணந்தது!

காய்ந்த நடுப்பகுதியைக் கழித்துவிட்டு, ஓரத்தூர்களை இரண்டு மூன்று தண்டுகளாகப் பிரித்தேன். இலையை 20 சென்டிமீட்டர், வேரை 10 சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, உயரமான தொட்டியில் மணல் கலந்த மண்ணில் நட்டேன். வெயில் நன்றாக விழும் இடம் அவசியம்; நிழலில் தூர் பெருகாது. தென்னிந்திய ரகத்துக்கு முளைக்கும் விதை கிடையாது, அதனால் இப்படிப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். அடித்தட்டில் தேங்கும் நீரைத் தினமும் கொட்டிவிடுகிறேன். அப்புறம், நறுக்கிய வேரை எறிந்துவிடாதீர்கள். மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, குடிதண்ணீர்ப் பானையில் போடலாம்.