கருத்துப் படிவத்தில் புளோக் எண்ணையும் இடத்தையும் எழுதுங்கள்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் நடைபாதை, இருக்கை போன்ற பொது வசதிகளை மேம்படுத்தும் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்துக்காக உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வரைபடங்களை வைத்துக் கருத்துக் கேட்டால், அப்போதே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். "உட்கார இடம் வேண்டும்" என்று பொதுவாக எழுத வேண்டாம். "இந்த புளோக்கின் மின்தூக்கிக்கும் அந்தக் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே கூரை இல்லை, மழை பெய்தால் சக்கர நாற்காலியைத் தள்ள முடியவில்லை" என்று இடத்தைக் காட்டி எழுதுங்கள்.

இந்தத் திட்டத்துக்கு அரசாங்கம் பணம் தருகிறது, பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றம் வேலையைச் செய்கிறது. ஆனால் 75 விழுக்காட்டு வீடுகளாவது ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். அதனால் வடிவமைப்பு முடிவாவதற்கு முன் குடியிருப்பாளர்கள் சொல்வதற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. வாக்களிக்கும் கட்டத்தில் முழுத் திட்டத்துக்கும் சரி அல்லது வேண்டாம் என்று மட்டுமே சொல்ல முடியும். ஒரு பெஞ்சை நகர்த்தி வைக்கச் சொல்ல அது நேரமில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டு எழுதுங்கள். அந்த நடைபாதையில் அதிகம் நடப்பவர்கள் அவர்கள்தான்.

விளக்கு எரியவில்லை, மின்தூக்கி ஓடவில்லை என்பதற்கெல்லாம் இதற்காகக் காத்திருக்காதீர்கள். அக்கம்பக்கக் குறைகளைத் தெரிவிப்பதற்கான ஒன்சர்வீஸ் செயலியில் உடனே தெரிவிக்கலாம். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு வாக்கு கிடையாது, அது வீட்டு உரிமையாளர்களுக்கு உரியது. கொண்டோமினியம் எனும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த வழி செல்லாது. அங்கே நிர்வாகக் குழுவின் பொதுக்கூட்டத்தில்தான் பேச வேண்டும்.