வேகாத சோயாவைத் தீவனத்தில் சேர்க்கலாமா? பக்குவம் செய்யும் முறை

சோயாவில் 35 முதல் 40 சதவீதம் வரை புரதம் உண்டு. ஆனாலும் அதை அப்படியே அரைத்துக் குஞ்சுகளுக்குப் போட்டால் எடை சரியாக ஏறாது. வேகவைத்த சோயாவில் எலிகள் நன்றாக வளர்கின்றன, வேகாததில் வளர்வதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஆஸ்போர்னும் மெண்டலும் 1917-லேயே காட்டிவிட்டார்கள்.

1. முதலில், வயிற்றுக்குள் நடப்பது

புரதத்தை உடைக்கும் டிரிப்சின் என்ற நொதியைக் கட்டிப்போடும் பொருள் வேகாத சோயாவில் இருக்கிறது. நொதி போதவில்லை என்று உடல் நினைத்து, கணையத்தை மேலும் மேலும் சுரக்க வைக்கிறது. குஞ்சுகளிலும் எலிகளிலும் கணையமே பெருத்துவிடும். நொதியும் புரதம்தான். அதில் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் நிறைய உண்டு. சோயாவில் ஏற்கெனவே குறைவாக இருப்பவையும் அவைதான். தீனியில் வந்த புரதம் வீணாவது போதாதென்று, உடம்பில் இருந்ததும் எச்சத்தோடு வெளியேறுகிறது. எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இதுதான்: விலங்கு தின்றுகொண்டே இளைக்கிறது.

வேகாத ராஜ்மாவின் கதை வேறு. அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் செரிக்காமல் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. உடல் கொழுப்பும் தசையும் கரைகின்றன. அளவு மீறினால் எலிகள் இறந்தே போகின்றன.

2. எந்த விலங்குக்கு?

கோழிக்குஞ்சு, பன்றிக்குட்டி, அசைபோடத் தொடங்காத கன்று ஆகியவற்றுக்கு வேகாதது வேண்டவே வேண்டாம். வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் இந்தப் பொருள்களைப் பெருமளவு உடைத்துவிடும். ஆனால் தீவனத்தில் யூரியா இருந்தால் வேகாத சோயாவைச் சேர்க்காதீர்கள். சோயாவில் உள்ள யூரியேஸ் நொதி யூரியாவை வேகமாக அம்மோனியாவாக்கிவிடும்; அது மிகுந்தால் மாட்டுக்கு நஞ்சு.

3. ஊறவைத்து, கொதிக்கவிடுங்கள்

இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கும் நிலையில் 30 நிமிடம் வேகட்டும். கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ராஜ்மாவை 80 டிகிரிக்கும் குறைவான மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைப்பது ஆபத்து. லெக்டின் அதில் அழியாது.

4. வெந்ததா என்று பாருங்கள் (சோயாவுக்கு மட்டும்)

யூரியேஸும் டிரிப்சின் தடுப்பானும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சூட்டில் அழிகின்றன. அதனால் ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கலாம். வெந்த சோயாவைக் காயவைத்து மாவாக்கி ஒரு தட்டில் பரப்புங்கள். பக்கத்தில், ஒப்பிட, வேகாத சோயா மாவு கொஞ்சம். அம்மோனியா உண்டானால் சிவக்கும் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்த யூரியா கரைசலை இரண்டின் மீதும் ஊற்றி ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஊற்றும்போது கரைசல் மஞ்சளாக இருக்க வேண்டும். வேகாத மாவு முழுக்கச் சிவந்துவிடும். வெந்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளி தெரிந்தால் பக்குவம் சரி. நிறையச் சிவந்தால் மறுபடி வேகவையுங்கள்.

புள்ளியே இல்லை, மாவும் பழுப்பேறியிருக்கிறது என்றால் சூடு மிஞ்சியிருக்கலாம். அளவுக்கு மீறிய சூட்டில் லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து விலங்குக்குக் கிடைக்காமல் போகும். வறுக்கும்போது இது எளிதில் நடக்கும். ஆகவே புதியவர்களுக்கு நான் வேகவைப்பதைத்தான் சொல்வேன்.

5. கொடுங்கள்

ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அன்றே கொடுங்கள், அல்லது நன்றாக உலர்த்துங்கள். சிறிய அளவில் தொடங்கி, எச்சத்தையும் வாராவாரம் எடையையும் கவனியுங்கள். கழிச்சல் கண்டால் உடனே நிறுத்தி, அந்தத் தொகுப்பை மீண்டும் சோதித்துப் பாருங்கள்.