முதல் இடம் காலியாக இருக்கக் கூடாது: ஆங்கில வாக்கியம் பழக ஒரு வழி

மதுரை சிம்மக்கல்லில் மாலை நேரத்தில் ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து வருபவர்கள். விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் நிற்கும் தம்பிகள், நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகும் உசிலம்பட்டிப் பிள்ளைகள், கோயிலைச் சுற்றி ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார். பள்ளியில் படித்த எஸ்.வி.ஓ., எஸ்.வி.ஐ.ஓ.டி.ஓ. என்ற வாக்கிய அமைப்புச் சுருக்கங்கள் பலருக்கு இன்னும் மனப்பாடம். ஆனால் கடைக்கு வந்த வெள்ளைக்காரரிடம் ‘உள்ள வேற கலர் இருக்கு’ என்று சொல்லப் போனால் வாய் கட்டிக்கொள்கிறது. அந்த எழுத்துகள் எழுதி முடித்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத்தான் உதவும். பேச வேண்டுமானால், நாம் தினமும் சொல்கிற தமிழ் வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழில் ஆளைச் சொல்லாமலே பேசிவிடலாம். ‘வந்துட்டேன்’ என்றால் வந்தது நான் என்பதை அந்த ‘ஏன்’ விகுதியே காட்டிவிடும். ஆங்கில வினையில் அப்படி விகுதி இல்லை. அதனால் வினைக்கு முன்னால் ஒரு எழுவாய் இருந்தே தீர வேண்டும். முதல் இலையில் ஆள் உட்காராமல் பந்தி தொடங்காது என்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். உட்கார ஆளே இல்லாவிட்டாலும் ஆங்கிலம் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். ‘மழை பெய்யுது’ என்பதற்கு ‘இட் இஸ் ரெய்னிங்’. ‘மணி ஆறு’ என்பதற்கு ‘இட் இஸ் சிக்ஸ்’. ‘அழகர்கோயில் தூரம்’ என்று ஊர்ப்பெயரோடு சொல்லும்போது சிக்கல் இல்லை. வெறுமனே ‘தூரம்ங்க’ என்னும்போதுதான் ‘இட் இஸ் ஃபார்’ என்று ‘இட்’ போட வேண்டும். ஓரிடத்தில் ஒன்று இருக்கிறது என்று சொல்ல ‘தேர்’ வந்து உட்காரும். தெப்பக்குளத்தில் தண்ணீர் இருந்தால் ‘தேர் இஸ் வாட்டர் இன் த டேங்க்’. ஜவுளிக்கடைத் தம்பிக்கு வேண்டியதும் இதுதான்: ‘தேர் ஆர் அதர் கலர்ஸ் இன்சைட்’.

அதிகம் தடுக்கி விழுகிற இடம் ‘எனக்கு’. என் வகுப்பில் இதற்கே நிறைய நேரம் ஒதுக்குகிறேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. தமிழில் ‘எனக்கு’ என்ற ஒரே தொடக்கத்தில் பசி, காய்ச்சல், தம்பி, தெரிவது, பிடிப்பது எல்லாம் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் அது மூன்றாகப் பிரியும். ‘எனக்குப் பசிக்குது’ என்பது ‘ஐ ஆம் ஹங்ரி’. ‘எனக்குக் காய்ச்சல்’, ‘எனக்கு ரெண்டு தம்பி’ என்பவை ‘ஐ ஹேவ்’ என்று தொடங்கும். ‘எனக்குத் தெரியும்’ ‘ஐ நோ’ ஆகும். ‘எனக்கு வேணும்’ ‘ஐ வான்ட் இட்’ ஆகும். கடைசி வாக்கியத்தில் வரும் ‘இட்’டை விட்டுவிடாதீர்கள். ‘புடிச்சிருக்கா?’ என்று கேட்டால் ‘புடிச்சிருக்கு’ என்பதோடு நாம் நிறுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘ஐ லைக்’ என்று நிறுத்தினால், எதை என்று கேட்டவர் காத்திருப்பார்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். தலைப்பு ‘ஆம்’, ‘ஹேவ்’, தனி வினை. அன்றைக்கு உங்கள் வாயில் வந்த ‘எனக்கு’ வாக்கியங்களை ராத்திரி அதனதன் பத்தியில் எழுதுங்கள். கைடு புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் வாயில் வந்ததுதான் நாளைக்கும் வரும். நர்சிங் பிள்ளைகள் இதிலேயே ‘உங்களுக்கு’ வாக்கியங்களையும் சேர்க்க வேண்டும். ‘உங்களுக்கு ஏதாவது அலர்ஜி இருக்கா?’ என்பது ‘டு யூ ஹேவ் எனி அலர்ஜீஸ்?’. ‘இங்க வலிக்குதா?’ என்று கேட்க ‘டஸ் இட் ஹர்ட் ஹியர்?’. அங்கேயும் ‘இட்’ வந்து உட்கார்ந்துவிட்டது, பாருங்கள்.

இப்படியிருக்க, போர்டுகளில் மட்டும் முதல் இடம் காலியாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். கட்டளைக்கு அந்தச் சலுகை உண்டு: ஏ.டி.எம். திரையில் ‘இன்சர்ட் யுவர் கார்டு’ என்றால் செருக வேண்டியது நீங்கள்தான். ‘போட்டோகிராபி ப்ரொஹிபிட்டட்’ போர்டிலும் வங்கியின் எஸ்.எம்.எஸ்.ஸிலும் செய்தித்தாள் தலைப்பிலும் ‘இஸ்’, ‘வாஸ்’ உதிர்ந்துவிடும். அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், அப்படியே பேசாதீர்கள். போகிற வழியில் ஒரு போர்டைப் பார்த்தால் உதிர்ந்ததை மனதுக்குள் திருப்பி வையுங்கள்: ‘போட்டோகிராபி இஸ் ப்ரொஹிபிட்டட் ஹியர்’. இது வெறும் விளையாட்டல்ல. ஓ.இ.டி. எழுத்துத் தேர்வில் நோயாளியைப் பற்றிய துண்டுக் குறிப்புகளைக் கொடுத்து, கடிதம் எழுதச் சொல்வார்கள். குறிப்பில் ‘அட்மிட்டட் வித் செஸ்ட் பெய்ன்’ என்று இருக்கும். கடிதத்தில் ‘ஹி வாஸ் அட்மிட்டட் வித் செஸ்ட் பெய்ன்’ என்று ஆளையும் ‘வாஸ்’ஸையும் போட்டுத்தான் எழுத வேண்டும்.

பேச்சில் வெள்ளைக்காரர்களும் ‘கமிங்?’, ‘சவுண்ட்ஸ் குட்’ என்று முன்னால் இருப்பதை விழுங்குவார்கள். காதில் விழுந்தால் புரிந்தால் போதும். ‘நேத்துதான் வந்தேன்’ என்பதை ‘ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி’ என்பது நம் நாட்டுப் பேச்சில் எல்லோருக்கும் புரியும், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்வில் மட்டும் ‘ஒன்லி’யை வினைக்கு முன்னால் தள்ளுங்கள்: ‘ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே’.

அடுத்தது, எந்த வினை எதைக் கூட்டிக்கொண்டு வரும் என்பது. ‘டெல் மி’ சரி, ‘எக்ஸ்ப்ளெய்ன் மி’ சரியில்லை; ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மி’ என்றுதான் வர வேண்டும். ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ வேண்டாம். தமிழ் அர்த்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, இரண்டு தோழர்களோடு சேர்ந்து 1942இல் கொண்டுவந்த அகராதியில், வினைகள் வரும் அமைப்புகளை 25 வகையாகப் பிரித்து எண் போட்டுக் காட்டினார். ஜப்பானிய மொழியிலும் நம் தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வரும். நமக்கிருக்கும் அதே சிரமம் அந்த மாணவர்களுக்கும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் 25ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டாம். புது வினையைத் தனியாக எழுதாமல், அதன் பின்னால் வருகிறதையும் சேர்த்து எழுதுங்கள். ஜங்ஷனில் நின்றால் ‘வில் அரைவ் ஷார்ட்லி ஆன் பிளாட்ஃபாரம் நம்பர்...’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ரயிலும் எண்ணும் மாறும், ‘அரைவ் ஆன் பிளாட்ஃபாரம்’ மாறாது. காதுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஆட்டோ அண்ணன்மாருக்குக் கடைசியாக ஒன்று. ‘வேர் இஸ் யுவர் ஹோட்டல்?’ என்று நேராகக் கேட்பதில் ‘இஸ்’ முன்னால் வரும். மரியாதைக்காக ‘குட் (could) யூ டெல் மி’ என்று தொடங்கினால் அது பின்னால் போய்விடும்: ‘குட் யூ டெல் மி வேர் யுவர் ஹோட்டல் இஸ்?’ முன்னால் ஒரு கேள்வி வந்துவிட்டதால் உள்ளே இருப்பது சாதாரண வாக்கியமாகிவிடுகிறது. ‘டு யூ நோ’, ‘ஐ டோன்ட் நோ’ என்று தொடங்கினாலும் இதே வரிசைதான். இந்த மூன்று தொடக்கத்தோடும் ஹோட்டல், பஸ் ஸ்டாண்ட், மேற்குக் கோபுரம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சவாரி இல்லாத நேரத்தில், வண்டியில் உட்கார்ந்தபடியே, சத்தமாக.