சிடேக்ஸ்: மூலநிரலில் எது எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே பாய்ச்சலில் கண்டுபிடிக்க

பெரிய மூலநிரல் ஒன்றைப் படிக்கும்போது ஒரு ஃபங்ஷனை அழைக்கும் வரி கண்ணில் படும். அதன் வரையறையோ வேறு ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். கிரெப் என்ற உரைத் தேடல் கட்டளையைப் போட்டுத் தேடினால் அழைக்கும் வரிகள் எல்லாம் வந்து குவியும்; வேண்டிய ஒன்று அவற்றுக்குள் மறைந்துவிடும். சிடேக்ஸ் என்ற கருவி அந்த வரையறைகளை மட்டும் பொறுக்கி, டேக்ஸ் என்ற ஒரே உரைக்கோப்பில் வரிசைப்படுத்தி எழுதி வைக்கிறது. எடிட்டர் அதைப் பார்த்து நேராக உரிய வரிக்குப் போய்விடும்.

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். சிறுகோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் இங்கே உள்ளபடியே வர வேண்டும்.

படி 1: சரியான சிடேக்ஸை நிறுவுங்கள்

ஒரே பெயரில் பல நிரல்கள் உலவுகின்றன; முக்கியமானவை மூன்று. பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது மிகப் பழையது. அடுத்தது எக்ஸூபரன்ட் சிடேக்ஸ். அதன் கடைசி வெளியீடான 5.8 வந்தது 2009இல். அதிலிருந்து கிளைத்து இன்றும் வளர்ந்துகொண்டிருப்பது யுனிவர்சல் சிடேக்ஸ். 2022இல் அதன் 6.0 வெளியானது. புதிதாகத் தொடங்குபவர் இந்த மூன்றாவதையே எடுக்க வேண்டும்.

உபுண்டு, டெபியன்:
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் யுனிவர்சல்-சிடேக்ஸ்

மேக், ஹோம்ப்ரூ (நிரல்களை நிறுவும் கருவி) வழியாக:
ப்ரூ இன்ஸ்டால் யுனிவர்சல்-சிடேக்ஸ்

பிறகு சரிபாருங்கள்:
சிடேக்ஸ் --வெர்ஷன்

முதல் வரியில் யுனிவர்சல் சிடேக்ஸ் என்று வர வேண்டும். மேக்கில் இந்தக் கட்டளைக்கே பிழைச் செய்தி வந்தால், ஆப்பிளின் கருவிகளோடு வந்த பழைய பிஎஸ்டி நிரல்தான் ஓடுகிறது. அதற்கு --வெர்ஷனும் தெரியாது, அடுத்து நாம் பயன்படுத்தப்போகும் -ஆர் விருப்பமும் தெரியாது. டெர்மினலை மூடித் திறந்து, ‘விச் சிடேக்ஸ்’ என்று கேட்டு, எந்தப் பாதையில் உள்ள நிரல் ஓடுகிறது என்று பாருங்கள். டெர்மினல் நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்தான் பாத் மாறி; ஹோம்ப்ரூவின் ‘பின்’ என்ற பெயருள்ள ஃபோல்டர் அதில் முன்னால் வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

படி 2: முதலில் ஒரே ஒரு கோப்பு

முழு புராஜெக்ட்டின் மேல் உடனே ஓட்ட வேண்டாம். பில்.பை என்று ஒரு பைத்தான் கோப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

சிடேக்ஸ் -எக்ஸ் பில்.பை

எக்ஸ் சின்ன எழுத்து. இந்த விருப்பம் எந்தக் கோப்பையும் உருவாக்காது. பெயர், வகை, வரி எண், கோப்பு, அந்த வரியின் உரை என்று திரையில் அச்சிடும், அவ்வளவுதான். சிடேக்ஸுக்கு உங்கள் மொழி புரிகிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் கோப்பின் பின்னொட்டை அது அடையாளம் காணவில்லை என்று பொருள். ‘சிடேக்ஸ் --லிஸ்ட்-மேப்ஸ்’ எந்தப் பின்னொட்டு எந்த மொழிக்கு என்று காட்டும்.

படி 3: முழு புராஜெக்ட்டும்

புராஜெக்ட்டின் மேல்மட்ட ஃபோல்டருக்குப் போய்:

சிடேக்ஸ் -ஆர் .

ஆர் பெரிய எழுத்து. உள் ஃபோல்டர்களுக்குள்ளும் இறங்கிப் போகச் சொல்கிறது. கடைசிப் புள்ளி ‘இந்த ஃபோல்டர்’ என்பதைக் குறிக்கிறது. விருப்பங்கள் எல்லாம் புள்ளிக்கு முன்னால் வர வேண்டும்.

நோட்_மாட்யூல்ஸ், பில்ட் போன்ற ஃபோல்டர்களை விலக்காவிட்டால் நீங்கள் எழுதாத ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ளே வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலக்கு:

சிடேக்ஸ் --எக்ஸ்க்ளூட்=நோட்_மாட்யூல்ஸ் --எக்ஸ்க்ளூட்=பில்ட் -ஆர் .

நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது:

கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் | சிடேக்ஸ் -எல் -

இங்கே எல் பெரிய எழுத்து. கிட் கண்காணிக்கும் கோப்புகளின் பட்டியல் மட்டும் சிடேக்ஸுக்குப் போவதால் தனியாக எதையும் விலக்கத் தேவையில்லை. உருவாகும் டேக்ஸ் கோப்பின் பெயரை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் .கிட்இக்னோர் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

படி 4: டேக்ஸ் கோப்பைத் திறந்து படியுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பின்னால் வரும் கோளாறுகளில் பாதிக்குமேல் இங்கேதான் விளங்கும். ஆச்சரியக்குறியில் தொடங்கும் தலைப்பு வரிகளுக்குக் கீழே ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கும். பகுதிகளுக்கு நடுவே டேப்:

டோட்டல்    பில்.பை    /^டெஃப் டோட்டல்(ஐடெம்ஸ்):$/;"    எஃப்

முதலில் பெயர், அடுத்து கோப்பு. மூன்றாவது பகுதியில் இருப்பது வரி எண் அல்ல, அந்த வரியின் உரையையே தேடும் வடிவம். இது நல்ல முடிவு: மேலே பத்து வரிகள் புதிதாகச் சேர்ந்தாலும் எடிட்டர் தேடிக் கண்டுபிடித்துவிடும். கடைசி எழுத்து வகை: எஃப் ஃபங்ஷன், சி கிளாஸ், எம் கிளாஸுக்குள் இருக்கும் உறுப்பு. பெயர்கள் வரிசையாக இருப்பதால் எடிட்டர் பைனரி தேடலில் (பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) நொடிப்பொழுதில் எட்டிவிடுகிறது. ஆகவே இந்தக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள்.

படி 5: எடிட்டரில்

விம் எடிட்டரில் ஒரு பெயரின் மேல் கர்சரை வைத்து, கன்ட்ரோலையும் மூடும் சதுர அடைப்பையும் சேர்த்து அழுத்துங்கள், வரையறைக்குப் போகும். கன்ட்ரோல்-டி (டேக்ஸின் முதலெழுத்து), வந்த இடத்துக்குத் திருப்பும். ஒரே பெயரில் பல வரையறைகள் இருந்தால், முதலில் சின்ன ஜி, பிறகு கன்ட்ரோலோடு மூடும் சதுர அடைப்பு. பட்டியல் வரும், எண்ணைத் தட்டித் தேர்ந்தெடுக்கலாம்.

விம்மின் அமைப்புக் கோப்பான .விம்ஆர்சியில் இந்த வரி அவசியம்:

செட் டேக்ஸ்=./டேக்ஸ்;,டேக்ஸ்

நடுவில் உள்ள அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் திறந்த கோப்பு இருக்கும் ஃபோல்டரில் தொடங்கி, மேலே மேலே ஏறி டேக்ஸ் கோப்பைத் தேடச் சொல்வது அதுதான்.

ஈமேக்ஸ் எடிட்டருக்கு வேறு வடிவம் வேண்டும்: ‘சிடேக்ஸ் -இ -ஆர் .’, இ சின்ன எழுத்து. இது பெரிய எழுத்துகளில் டேக்ஸ் என்ற கோப்பை உருவாக்கும். மெட்டா-புள்ளி தாவ, மெட்டா-காற்புள்ளி திரும்ப; மெட்டா பெரும்பாலும் ஆல்ட் விசைதான்.

எங்கே தடுக்கும்

விம் ‘ஈ433’ என்றால் டேக்ஸ் கோப்பே கிடைக்கவில்லை; மேலே சொன்ன செட் வரியைப் பாருங்கள். ‘ஈ426’ என்றால் கோப்பு இருக்கிறது, அந்தப் பெயர் அதில் இல்லை. ‘ஈ434’, ‘ஈ435’ இரண்டும் பெயர் இருந்தும் தேடல் வடிவம் பொருந்தவில்லை என்பதைச் சொல்கின்றன. ஃபங்ஷனின் அளவுருக்களை மாற்றியிருப்பீர்கள். மீண்டும் ஒருமுறை சிடேக்ஸை முழுதாக ஓட்டினால் போதும். -ஏ (சின்ன எழுத்து) கொடுத்துப் பழைய கோப்போடு சேர்க்க வேண்டாம். பெயர் மாற்றப்பட்டவை, நீக்கப்பட்டவை எல்லாம் அதில் அப்படியே தங்கிவிடும்.

சி மொழியில் ஹெடர் கோப்பிலுள்ள ஃபங்ஷன் அறிவிப்புகள் (புரோட்டோடைப்) இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. வேண்டுமென்றால் --கைண்ட்ஸ்-சி=+பி என்று கொடுங்கள்; பி, புரோட்டோடைப்பின் முதலெழுத்து, சின்ன எழுத்து. ஆனால் .ஹெச் கோப்புகளை சிடேக்ஸ் இயல்பாக சி++ ஆகவே எடுத்துக்கொள்வதால், --கைண்ட்ஸ்-சி++=+பி என்பதையும் கூடவே கொடுத்தால்தான் பலன்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஹோம் ஃபோல்டரில் .சிடேக்ஸ் என்ற அமைப்புக் கோப்பை எழுதினால் யுனிவர்சல் சிடேக்ஸ் அதைப் படிக்காது. அங்கே .சிடேக்ஸ்.டி என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி (கடைசி டி, டைரக்டரியின் முதலெழுத்து, சின்ன எழுத்து), அதற்குள் .சிடேக்ஸ் என்று முடியும் பெயரில் கோப்பை வையுங்கள்; வரிக்கு ஒரு விருப்பம்.

ஒரு ஃபங்ஷனை யார் யார் அழைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் இந்த டேக்ஸ் கோப்பு உதவாது, அதில் இருப்பவை வரையறைகள். அந்த வேலைக்கு சி நிரல்களில் சிஸ்கோப் என்ற கருவி இருக்கிறது. விம்மிலேயே அதை இணைத்துக்கொள்ளலாம்.