அடுத்தடுத்து இரண்டு புள்ளி: குறுக்கெழுத்துக்காரர்களுக்கு

தமிழ்க் குறுக்கெழுத்தில் இரண்டு புள்ளியெழுத்து ஒட்டி வந்தால், முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றுதான். அடுத்தது க், ச், த், ப் அல்லது ங், ஞ், ந், ம். தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் விதி இது. செய்யுள் வழக்கும் பிறமொழிச் சொற்களும் மட்டுமே விலக்கு. மூன்றாவது எழுத்தும் பெரும்பாலும் கைக்குள் வந்துவிடும்: க், ங் இரண்டுக்கும் பின்னால் க வரிசை, த், ந் வந்தால் த வரிசை.

பிறகு முன்கட்டத்தைப் பாருங்கள். சொல் ஒரே குறிலில் தொடங்கி உடனே புள்ளி வந்தால் ழ் போட முடியாது. ய் வரும்: பொய்க்கால், செய்ந்நன்றி, மெய்ஞ்ஞானம். ர் வந்தால் அது பெரும்பாலும் வடசொல்: கர்ப்பம், தர்க்கம், அர்த்தம். நெடிலோ இரண்டு எழுத்தோ முன்னால் இருந்தால் மூன்றுக்கும் இடமுண்டு.

கடைசி எழுத்து ‘சி’ என்றால் மகிழ்ச்சி, நெகிழ்ச்சி, வீழ்ச்சி, சூழ்ச்சி, வளர்ச்சி, தளர்ச்சி, ஆராய்ச்சி என்று ஓட்டிப் பாருங்கள். ‘ல்’ என்றால் காய்ச்சல், பாய்ச்சல், மேய்ச்சல். ங் வருவது அபூர்வம். வேய்ங்குழல், பாழ்ங்கிணறு இரண்டையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று நினைவுக்கு வராதவை.

அதிகம் பேர் சறுக்குவது ‘முயற்ச்சி’யில். ட், ற் இரண்டையும் அடுத்து இன்னொரு புள்ளி வராது. முயற்சி, பயிற்சி, காட்சிதான் சரி. நாலு கட்டச் சொல் ஐந்தாகிவிட்டால் குறுக்கே போகும் சொல்லும் கெட்டுப்போகும்.

திருநெல்வேலிச் சீமை ஊர்ப்பெயர்களில் ஆய்க்குடியும் சேர்ந்தமரமும் அருமையான விடைகள். பாவூர்ச்சத்திரத்தை ‘ச்’ இல்லாமலும் எழுதுகிறார்கள், ஆழ்வார்குறிச்சியில் ‘க்’ சேர்ப்பவர்களும் உண்டு. எழுத்து எண்ணிக்கையில் சண்டை வரும், இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். தாமிரபரணிக் கரையில் புழங்கும் கால்வாய், வாய்க்கால் ஜோடி இன்னும் நல்லது. அதே இரண்டு சொல் இடம் மாறியதுதான். ஆனால் ஒன்று நாலெழுத்து, மற்றது புணர்ச்சியில் ‘க்’ ஏறி ஐந்தெழுத்து. அடுத்தடுத்த குறிப்பாகக் கொடுத்தால் விளையாடுகிறவர் ரசிப்பார்.

கட்டம் அமைக்கிறவர்கள் ‘வாழ்க்கை’ போன்ற சொல்லில் நெடுக்குச் சொல்லை ‘ழ்’ மேல் இறக்குங்கள். ‘தமிழ்’ மேலிருந்து வந்து அங்கேயே முடிந்துவிடும். ‘க்’ மேல் இறக்கினால் அதில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது, முடியாது. ‘பக்கம்’ மாதிரி மேலும் கீழும் எழுத்து வேண்டும். அதனால் முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் அந்தச் சந்திப்பு கூடவே கூடாது.